அரை மணி

முதலில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.
மணியைத்தான் பார்த்தேன்.

டச் பே ஐஸ் தொழிற்சாலை.
அமோனியாவும் மீன்செதிலும் மணக்கும் கணக்கறை.
சுவரில் தொங்கிய கறுப்புப் பெட்டிக்குள்
பதினொரு நாள் கடற்கரை சுழன்றுகொண்டிருந்தது.
பன்னிரண்டாம் நாள் வந்தால்
முதல் நாளைத் தின்றுவிடும்.

"வயர் கழட்டவா மிஸ்?"
சார்ஜன்ட் விக்கிரம, அரைத் தமிழில்.
"கையைப் பின்னால கட்டுங்கோ" என்றேன்.
சிரித்தார். ஆனால் கட்டினார்.

என் தொலைபேசியில் பத்துப் பன்னிரண்டு.
பெட்டியின் முகப்பில் பத்து நாற்பத்திரண்டு.
இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தேன்.

"அது எப்பவும் அப்பிடித்தான்" என்றார் அஸ்வர் ஹாஜியார்,
இரண்டாம் கையாய் வாங்கியவர்.

இந்த நாடே ஒருகாலம்
அரை மணி முந்தி நடந்தது.
முள்ளைத் திருப்பாத ஊர்களும் இருந்தன.
குடாவின் இந்தக் கரையில் ஒரு நேரம்,
அந்தக் கரையில் இன்னொரு நேரம்.
பிறகு எல்லோரும் திரும்பி வந்தோம்.
இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வட்டை உறையிலிட்டு, ஒட்டி,
இலக்கம் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.
விக்கிரம வாங்கிக்கொண்டு கையெழுத்து வைத்தார்.
திங்கள் காலை என்னிடம் திரும்பி வந்தது.
வாசிக்க விட்டு எழுத விடாத
சின்னக் கருவி ஒன்றின் வழியே
சொட்டும் சிந்தாமல் பிரதி எடுத்தேன்.
மூலம் மறுபடி உறைக்குள் போனது.
அதன் பிறகு நான் தொட்டதெல்லாம் அதன் நிழல்.

இரண்டும் ஒன்றே என்பதற்கு
அறுபத்துநான்கு எழுத்தில் ஓர் அடையாளம்.
"சின்னதா ஏதும் மாறியிருந்தா?" என்றார் சட்டத்தரணி.
'கடல்' என்று பென்சிலால் எழுதி
கடைசி எழுத்தின் புள்ளியை மட்டும் அழித்தேன்.
"இவ்வளவு போதும் சேர்.
அறுபத்துநான்கும் கலைஞ்சுபோகும்."

பெட்டியின் கணக்கில் இரண்டு நாற்பது.
ஓர் ஆள்,
தோளில் இருபத்தைந்து குதிரைவலு என்ஜின்,
மணலில் கால் புதையப் புதைய நடக்கிறான்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் சதுரங்கள் ஒன்பது.

என்ஜின்காரன் சொன்ன பெயர்
யூட் அமலதாஸ், பாலையூற்று.
அன்றிரவு அவன் மகளுக்கு இழுப்பு.
ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இரண்டு முப்பத்தெட்டு,
தாதியின் சாய்ந்த எழுத்தில்.
இரண்டு நாற்பதுக்கு
கடற்கரையிலும் கட்டிலடியிலும்
ஒருத்தன் நிற்க ஏலாது.
அந்த ஒற்றைத் தூணில்தான்
சட்டத்தரணி வீடு கட்டியிருந்தார்.

நான் அரை மணியைக் கழற்றினேன்.

இரண்டு பத்து.
மோட்டார் சைக்கிளில் பத்து நிமிச வழி.

நீதிமன்ற வாசலில் அவன் மனைவி பிறின்சி,
இடுப்பில் அந்தப் பிள்ளை,
பிள்ளையின் கையில் மூக்குக்குப் பிடிக்கும் நீல மருந்து.
"மிஸ், அந்த அரை மணித்தியாலம்
வேற ஆருக்கும் தெரியாதுதானே?"

பிள்ளையைப் பார்த்தேன்.
பதில் சொல்லவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
கருவியின் கடிகாரம்
முப்பது நிமிடம் ஆறு விநாடி முன்னால்.
முகத்தை அடையாளம் காண இயலாது.
எடுத்துச் செல்லப்படுவது எவருடைய என்ஜின் என்றும்.
சனி மதியம் தொடங்கித் திங்கள் காலை வரை
உறை இருந்த இடம் சார்ஜன்டின் மேசை லாச்சி.
முத்திரை உடையவில்லை.
லாச்சிக்குச் சாவி ஒன்றா இரண்டா, தெரியவில்லை.

விக்கிரம இப்போது என்னைக் கண்டால் சிரிப்பதில்லை.
சட்டத்தரணியும்தான்.

அவன் எடுத்தானா?
என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
கரண்ட் போன இரவுகளில்
அந்த ஆள் மட்டும் வருகிறான்,
ஒன்பது சதுரத்தோடு,
மணலில் கால் புதைய.

சாட்சி சொல்லி வெளியே வந்தேன்.
உட்துறைமுக வீதியோரம் ஒரு மான்
கடதாசி ஒன்றை மென்றுகொண்டு நின்றது.
ஓரத்தில் பாதி முத்திரை போல ஏதோ சிவப்பு.
ஆர் கையிலிருந்து வாங்கினாய், எத்தனை மணிக்கு என்று
அதனிடம் கேட்க ஒருவரும் இல்லை.
கடைசி மூலையையும் விழுங்கிவிட்டு
நிதானமாக வீதியைக் கடந்தது.